கரிவர்தன் கட்டிய காரும் கணினிக்குள் ஓடும் காரும்

ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் கோயமுத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன். இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. 2005 மார்ச்சில் மெல்போர்னில் ஜோர்டான் அணியின் மஞ்சள் காரில் அவர் கிளம்பியபோது நம்ம ஊர்ப் பேப்பர்கள் எல்லாம் முதல் பக்கத்தில் போட்டன. அதே வருஷம் அவர் இன்னொரு இடத்திலும் போய் உட்கார்ந்தார். அதை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. சோனி வெளியிட்ட 'ஃபார்முலா ஒன் 05' என்ற பிளேஸ்டேஷன் 2 விளையாட்டில் ஜோர்டான் அணியைத் தேர்ந்தெடுத்தால், திரையில் வரும் இரண்டு பெயர்களில் ஒன்று கார்த்திகேயன். லண்டனிலோ ஒசாகாவிலோ உட்கார்ந்திருக்கும் ஒரு பையன், கோயமுத்தூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாமல், அந்தப் பெயரில் மொனாக்கோவைச் சுற்றி வரலாம்.

அந்தப் பெயர் அங்கே போய்ச் சேர்ந்த வழியைத் தேடிக்கொண்டிருந்தபோது சேர்த்த குறிப்புகள்தான் இவை. பாதி கோவைப் பட்டறைகளின் கதை, பாதி கணினிப் பந்தய விளையாட்டுகளின் கதை. இரண்டும் தனித்தனி என்றுதான் நானும் ஆரம்பித்தேன். போகப் போக ஒன்றுக்குள் ஒன்று வந்து விழுந்தது.

முதலில் விளையாட்டு. நான் இருப்பது அன்னூரில். கோவையிலிருந்து சத்தி ரோட்டில் சரவணம்பட்டி, கோவில்பாளையம், கணேசபுரம் தாண்டினால் சுமார் முப்பது கிலோமீட்டர். எங்க ஊர்ப்பக்கம் கம்ப்யூட்டரில் வண்டி ஓட்டுவது என்றால் ரொம்ப நாளைக்கு ரோட் ரேஷ்தான். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இத்தனை ரூபாய் என்று கொடுத்துவிட்டு, பக்கத்து பைக்காரனைச் சங்கிலியால் அடித்துக்கொண்டே போவோம். கொஞ்சம் வசதியான வீட்டில் நீட் ஃபார் ஸ்பீடு இருக்கும். இரண்டிலும் ஒரு ஒற்றுமை: பிரேக் என்று ஒரு பொத்தான் இருந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது. ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடித்துக்கொண்டு இடது வலது திருப்பினால் போதும். சுவரில் உரசினாலும் வண்டி ஓடும்.

நிஜத்தைப் போலச் செய்த பந்தய விளையாட்டு ஒன்றை முதல்முறை போட்டவர்கள் எல்லாருக்கும் ஒரே அனுபவம்தான் கிடைத்திருக்கும். முதல் வளைவிலேயே வண்டி நேராகப் போய்ப் புல்வெளியில் நிற்கும். இரண்டாம் தடவை பயந்து வளைவுக்குள் பிரேக் போட்டால் பின்பக்கம் சுழன்றுகொண்டு திரும்பி நிற்கும். 'என்னடா கேம் இது, வண்டி ஓடவே மாட்டேங்குது' என்று எடுத்துப் போட்டுவிட்டுப் போனவர்கள் அதிகம்.

வண்டி ஏன் அப்படிச் சுழல்கிறது என்பதில்தான் இந்த விளையாட்டுகளின் உயிர் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒரு கார் தரையைத் தொடுவது நான்கே இடத்தில். ஒவ்வொன்றும் ஏறக்குறைய நம் உள்ளங்கை அகலம். வேகமெடுப்பது, நிறுத்துவது, திருப்புவது எல்லாமே அந்த நான்கு உள்ளங்கை வழியாகத்தான். டயரின் பிடிமானத்தைக் கையில் இருக்கும் நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறையும் பிரேக்குக்கே செலவு செய்தால் திருப்புவதற்கு ஒன்றுமில்லை, வண்டி நேராகப் போகும். பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வந்தால் மிச்சமாகும் காசைத் திருப்புவதற்குப் போடலாம். போதாக்குறைக்கு, பிரேக் போடும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால் பின் டயர்களின் கையிருப்பு குறைந்துவிடும். வண்டி சுழல்வது அதனால்தான். நல்ல ஓட்டுநர் என்பவர் இந்தக் கணக்கை மூளையால் போடாமல் முதுகால் போடுபவர்.

கணினியில் இதைக் கொண்டுவர டயருக்கு ஒரு கணக்கு வேண்டும். நெதர்லாந்தில் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹான்ஸ் பசேய்க்காவும் கூட்டாளிகளும் 1980-களின் பிற்பாதியில் ஒரு சூத்திரம் கொண்டுவந்தார்கள். டயர்களைச் சோதனை எந்திரத்தில் உருட்டி, எந்தக் கோணத்தில் எவ்வளவு சறுக்கினால் எவ்வளவு பிடிமானம் என்று அளந்து, அந்த வளைகோட்டுக்குப் பொருந்தும்படி எழுதிய சமன்பாடு. ஏன் இப்படிப் பொருந்துகிறது என்பதற்குப் பெரிய தத்துவம் இல்லை, பொருந்துகிறது, அவ்வளவுதான். அதனால் அதற்கு 'மேஜிக் ஃபார்முலா' என்றே பெயர் வந்துவிட்டது. கார் கம்பெனிகளுக்கு வந்த அந்தச் சரக்கு, பின்னாளில் விளையாட்டு எழுதுகிறவர்கள் கைக்கும் வந்தது.

அதற்கும் முன்னாலேயே ஒருவர் இதை ஆரம்பித்துவிட்டார். இங்கிலாந்தில் ஜெஃப் கிரம்மண்ட். இயற்பியல் படித்தவர். 1984-ல் பிபிசி மைக்ரோ என்ற கணினிக்கு 'ரெவ்ஸ்' என்ற விளையாட்டை எழுதினார். அந்தக் கணினியின் மொத்த நினைவகம் 32 கிலோபைட். இன்றைக்கு வாட்ஸப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம் அதற்குள் அடங்காது. அதற்குள் அவர் சில்வர்ஸ்டோன் பந்தயப் பாதையையும் ஒரு ஃபார்முலா 3 காரையும் அடைத்தார். கார் நிஜமாக எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல டேவிட் ஹன்ட் என்ற பந்தய ஓட்டுநர் உதவினார். உலக சாம்பியன் ஜேம்ஸ் ஹன்டின் தம்பி. பிறகு 1990-களில் கிரம்மண்டின் 'கிராண்ட் பிரி' வரிசை வந்தது. அமெரிக்காவில் பாபிரஸ் என்ற கம்பெனி 1989-ல் இண்டியனாபொலிஸ் பந்தயத்தையும், 1998-ல் 'கிராண்ட் பிரி லெஜண்ட்ஸ்' என்பதையும் கொண்டுவந்தது. இந்தக் கடைசிப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

1984-ல் கிரம்மண்ட் கணினிக்குள் ஃபார்முலா 3 காரை அடைத்துக்கொண்டிருந்தபோது நம்ம ஊரில் நிலைமை என்ன? நிஜப் பந்தயக் கார் ஒன்றை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது பெரும் பணக்காரர்களுக்கும் மகாராஜாக்களுக்கும் மட்டுமே முடிந்த காரியம். இறக்குமதிக் கட்டுப்பாடும் வரியும் அப்படி. இந்தியப் பந்தயத்தின் தலைமையிடம் சென்னைக்கு வடக்கே இருந்த சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் வருஷாவருஷம் பந்தயம் நடத்தியது. விஜய் மல்லையா என்சைன் என்ற பழைய ஃபார்முலா 1 காரையே கொண்டுவந்து அங்கே ஓட்டினார். மற்றவர்கள் ஃபியட்டையும் ஹெரால்டையும் பிரித்து, எடையைக் குறைத்து, எஞ்சினைக் கிண்டி ஓட்டினார்கள். பணமுள்ளவன் காருக்கும் இல்லாதவன் காருக்கும் நடுவில் இருந்த தூரம் ஒரு பந்தயத்தில் மறைக்கக்கூடிய தூரமாக இல்லை.

இந்த இடத்தில்தான் கோவை வருகிறது. பந்தயம் ஏன் இங்கே முளைத்தது என்று கேட்டால் 'மில் முதலாளிகள் வீட்டுப் பசங்களின் பொழுதுபோக்கு' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அதில் பொய்யில்லை. ஆனால் பணம் மட்டும் இருந்தால் கார் வாங்கலாம், கட்ட முடியாது. கட்டுவதற்கு வார்ப்படம் ஊற்றத் தெரிந்தவர், அச்சு செதுக்கத் தெரிந்தவர், லேத்தில் நூல் பிசகாமல் கடையத் தெரிந்தவர் வேண்டும். நூற்பாலைகளுக்கு உதிரி பாகம் செய்து, கிணற்றுக்கு பம்ப்செட் செய்து, மோட்டாருக்குக் காயில் கட்டிப் பழகிய கைகள் பீளமேட்டிலும் கணபதியிலும் தெருவுக்குத் தெரு இருந்தன. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரு பஸ் விட்டு ஆரம்பித்த ஜி.டி. நாயுடு, வண்டியைப் பிரித்து மேய்வது ஒரு மரியாதையான வேலை என்பதை இந்த ஊருக்குக் காட்டிவிட்டுப் போயிருந்தார்.

எஸ். கரிவர்தன் 1954-ல் பிறந்தவர். லட்சுமி மில்ஸ் குடும்பம். தானே பந்தயம் ஓட்டினார், அதைவிட முக்கியமாகப் பந்தயக் கார் வடிவமைத்தார். 1983 டிசம்பரில் மாருதி 800 சந்தைக்கு வந்து நாலைந்து வருஷத்தில் நாடு முழுக்க ஓடத் தொடங்கியது. மூன்று சிலிண்டர், 796 சிசி, நாற்பது குதிரைத்திறன்கூட இல்லாத எஞ்சின். பந்தயக்காரர்கள் பார்த்தால் சிரிக்கிற எஞ்சின். கரிவர்தன் சிரிக்கவில்லை. எந்த ஊர் மெக்கானிக்கும் பிரிக்கத் தெரிந்த, எந்தக் கடையிலும் ஸ்பேர் கிடைக்கிற எஞ்சின் அது. அதை எடுத்து, ஒரே ஆள் உட்காரும், சக்கரங்கள் வெளியே தெரியும் கார் ஒன்றைக் கட்டினார். 1988-ல் வந்த அதன் முழுப்பெயர் ஃபார்முலா இந்தியா சிங்கிள் சீட்டர் மாருதி எஞ்சின். எல்லாரும் சொல்வது ஃபார்முலா மாருதி.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது காரின் வேகம் இல்லை. எல்லாருக்கும் ஒரே கார் என்பதுதான். ஒரே எஞ்சின், ஒரே சட்டம். ஜெயித்தால் ஓட்டினவன் ஜெயித்தான், தோற்றால் ஓட்டினவன் தோற்றான். அதோடு, சக்தி குறைந்த காரில் ஒரு பாடம் தானாகவே வந்துவிடும். வளைவில் வேகத்தைத் தொலைத்தால் நேர்ப்பாதையில் அதைத் திரும்பப் பிடிக்க எஞ்சினில் சரக்கு கிடையாது. ஆகவே வேகத்தைத் தொலைக்காமல் வளைவை எடுக்கப் பழகியாக வேண்டும். பெரிய எஞ்சினில் பழகுகிறவனுக்கு இந்தச் சிக்கனம் வராது. கொங்குக்காரன் கட்டிய காருக்குப் பொருத்தமான குணம்தான்!

கரிவர்தன் தான் கட்டிய கார்களை மற்றவர்களுக்கு ஓட்டக் கொடுத்தார். ஒரு தலைமுறையே அதில் பழகியது. கோவை ஜே. ஆனந்த் போன்றவர்கள் ஓட்டுநர்களாகவும் பிறகு கார் கட்டுகிறவர்களாகவும் ஆனார்கள். நரேனின் முதல் பந்தயமும் ஃபார்முலா மாருதியில்தான், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறந்த புதுப் பாதையில். முதல் பந்தயத்திலேயே மேடை ஏறிவிட்டார். கரிவர்தன் அவருக்கு உறவு. அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியை ஏழு முறை ஜெயித்தவர். எட்டாக் கனியை எட்டிய ஏழைப் பையன் கதை இல்லை இது, அப்படி யாரும் எழுதவும் வேண்டாம். ஆனாலும் 1992-ல் பிரான்சில் எல்ஃப் வின்ஃபீல்டு பந்தயப் பள்ளிக்குப் போனபோது, அவர் கையோடு கொண்டுபோன பயிற்சி இந்த 800 சிசி காரில் வந்தது. 1996-ல் ஃபார்முலா ஆசியா பட்டம் ஜெயித்தார்.

அதைப் பார்க்கக் கரிவர்தன் இல்லை. 1995-ல் சிறிய ரக விமானம் ஒன்று விழுந்து இறந்துபோனார். வயது 41-க்குள்தான். 2003-ல் கோவைக்குத் தெற்கே செட்டிபாளையத்தில், முன்னாள் பந்தய வீரர் பி. விஜயகுமாரின் முயற்சியில், சுமார் 2.1 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு பந்தயப் பாதை எழுந்தது. அதற்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள்: கரி மோட்டார் ஸ்பீட்வே.

அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து, 1997 டிசம்பரில், ஜப்பானில் கசுனோரி யமாவுச்சியின் 'கிரான் டூரிஸ்மோ' வந்தது. தெருவில் ஓடும் சாதாரணக் கார்களை, 140-க்கும் மேல், ஒவ்வொன்றின் குணத்தோடும் ஓட்ட வைத்த விளையாட்டு. கோடிப் பிரதிக்கும் மேல் விற்றது. ரெவ்ஸ் ஒரு சிறு கூட்டத்தின் பைத்தியம், கிரான் டூரிஸ்மோ அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. ஆரம்பத்தில் கையில் கொஞ்சம் காசுதான் இருக்கும், சின்னக் கார்தான் வாங்க முடியும். அதை வைத்து ஜெயித்துத்தான் பெரிய காருக்குப் போக வேண்டும். 1999-ல் வந்த இரண்டாம் பாகத்தில் சுசூகி ஆல்ட்டோ வொர்க்ஸ் இருக்கிறது. நம்ம மாருதி 800-க்குப் பங்காளி முறை. அதுவும் சுசூகியின் சின்ன மூன்று சிலிண்டர் எஞ்சின்தான், என்ன, டர்போ வைத்தது. யமாவுச்சிக்குக் கரிவர்தனைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் சின்ன எஞ்சினில் ஆரம்பி, வளைவில் வேகத்தைத் தொலைக்காதே என்ற பாடத்துக்கு இருவரும் தனித்தனியாக வந்து சேர்ந்தார்கள்.

மறுபடி நரேன். 2005 ஜூன் 19, இண்டியனாபொலிஸ். மிஷலின் டயர் போட்ட அணிகள் எல்லாம் பாதுகாப்பில்லை என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடின. நரேன் நான்காவது, ஐந்து புள்ளி. இதைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்களும் உண்டு, 'ஆறு பேர்ல நாலாவது' என்று கேலி பேசுகிறவர்களும் உண்டு. கேலி பேசுகிறவர்களுக்கு நான் ஒரு விளையாட்டைச் சிபாரிசு செய்வேன்: கோட்மாஸ்டர்ஸ் கம்பெனியின் 'எஃப்1 2011'.

2011-ல் நரேன் எச்ஆர்டி என்ற ஸ்பெயின் நாட்டு அணிக்குத் திரும்பி வந்திருந்தார். கூட்டத்திலேயே மிக மெதுவான கார். அந்த வருஷம் 107 சதவீத விதி என்று ஒன்று இருந்தது. தகுதிச் சுற்றின் முதல் பகுதியில் வேகமான கார் 100 விநாடியில் ஒரு சுற்று முடித்தால், நீங்கள் 107-க்குள் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மெல்போர்னில் எச்ஆர்டியின் இரண்டு கார்களும் அதில் விழுந்தன. விளையாட்டில் இந்தக் காரை எடுத்து ஓட்டிப் பாருங்கள். ரெட் புல்லை ஓட்டியபின் எச்ஆர்டியில் உட்கார்ந்தால் ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். அதே விரல்கள், அதே ஆள், ஆனால் ரெட் புல்லில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த வளைவில் எச்ஆர்டி வழுக்குகிறது. நேர்ப்பாதையில் எல்லாரும் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்கள். பேப்பரில் '17-ஆவது இடம்' என்று படிக்கும்போது வராத ஒரு புரிதல் கையில் வந்து சேரும். எனக்கு இந்த விளையாட்டுகள் வரலாற்றுச் சான்றாகத் தோன்ற ஆரம்பித்தது இங்கேதான்.

17-ஆவது இடம் என்று சும்மா சொல்லவில்லை. 2011 அக்டோபர் 30, டெல்லிக்குப் பக்கத்தில் புத் சர்வதேசப் பாதையில் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 பந்தயம். நரேன் முடித்தது 17-ஆவதாக. வேடிக்கை என்னவென்றால், இந்த விளையாட்டு வெளிவந்தது செப்டம்பரில். புத் பாதை அதற்குள் இருந்தது. நிஜப் பாதையில் ஒரு பந்தயம்கூட நடக்காதபோது, பிளேஸ்டேஷன் வைத்திருந்தவர்கள் அதில் ஆயிரக்கணக்கான சுற்று ஓட்டி முடித்திருந்தார்கள். இப்போது நிலைமை தலைகீழ். 2013-க்குப் பிறகு ஃபார்முலா 1 அங்கே திரும்பி வரவில்லை. அந்தப் பந்தயம் இன்றும் நடப்பது பழைய டிஸ்க்குகளில் மட்டும்தான்.

இனி பணக் கணக்கு. கால்பந்து பழக ஒரு மைதானமும் பந்தும் போதும். கார் பந்தயத்தில் பழகுவதற்கே காசு. பெட்ரோல், டயர், பாதை வாடகை, மெக்கானிக் கூலி, இடித்துவிட்டால் அதற்கு வேறு. கரிவர்தன் குறைக்கப் பார்த்தது இந்தச் செலவைத்தான். 2009-ல் ஃபார்முலா 1 நிர்வாகமே செலவைக் குறைக்க, பந்தயப் பருவத்தின் நடுவே சோதனை ஓட்டத்தைத் தடை செய்தது. அதன்பின் கோடிகளில் புரளும் அணிகளும் தங்கள் ஓட்டுநர்களைக் கொண்டுபோய் உட்காரவைத்தது சிமுலேட்டரில். பெரிய வீட்டுக்காரரும் கடைசியில் அதே திண்ணைக்குத்தான் வந்தார்.

இதற்கு ஓராண்டு முன், 2008-ல், நிசானும் பிளேஸ்டேஷனும் சேர்ந்து ஜிடி அகாடமி என்ற போட்டியை ஆரம்பித்தன. கிரான் டூரிஸ்மோவில் வேகமாக ஓட்டுகிறவனுக்கு நிஜக் காரில் இடம். ஸ்பெயினின் லூகாஸ் ஒர்டோன்யெஸ் முதலில் ஜெயித்து, பிறகு லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் மேடையே ஏறினார். 2014-ல் இந்தியாவுக்கும் அந்தக் கதவு திறந்தது. 2011-ல் ஜெயித்த ஜான் மார்டன்பரோவின் கதைதான் 2023-ல் சினிமாவாக வந்தது. சினிமா பார்த்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2015 மார்ச்சில் நூர்பர்கிரிங்கில் அவர் ஓட்டிய கார் காற்றில் எழும்பி வேலியைத் தாண்டி விழுந்தது. பார்வையாளர் ஒருவர் இறந்துபோனார். படத்தில் கதை வசதிக்காக அந்த விபத்தை முன்னால் தள்ளி, நாயகன் அதிலிருந்து மீண்டு எழுவதாகக் காட்டிவிட்டார்கள். எனக்கு அது உறுத்தியது. விளையாட்டில் 'ரீஸ்டார்ட்' என்ற பொத்தான் உண்டு. நிஜத்தில் அது இல்லை என்பதைச் சொல்லிக்கொடுத்த சம்பவத்தையே ரீஸ்டார்ட் பண்ணிக் காட்டுவது என்ன நியாயம்? சத்தி ரோட்டில் ராத்திரி பைக் முறுக்கும் பசங்களைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தவர், எழுபதைத் தாண்டிவிட்டார். ஒருநாள் வீட்டுக்கு வந்தவர் நான் ஸ்டீரிங் பிடித்து ஓட்டுவதைப் பத்து நிமிஷம் நின்று பார்த்தார். அசெட்டோ கோர்சா என்ற இத்தாலிய விளையாட்டு, 2014-ல் முழுதாக வந்தது. விநாடிக்கு 300 தடவைக்கும் மேல் டயர்க் கணக்கைப் போட்டு, அதை ஸ்டீரிங்கில் இழுப்பாகவும் நடுக்கமாகவும் கைக்குத் தரும்.

"ஏனுங்க தம்பி, இதுல வண்டியப் பிரிக்கறது எங்க வருது?"

"பிரிக்கறதெல்லாம் இல்லீங்கய்யா, ஓட்டறது மட்டுந்தானுங்க. காத்து எவ்வளவு, கேம்பர் எவ்வளவுன்னு நம்பர் மாத்திக்கலாமுங்க."

"அப்ப பாதி ரேஸ்தான் இருக்குதுன்னு சொல்லுங்க."

சரியான பேச்சு. ஃபார்முலா மாருதி ஓட்டுநரை மட்டும் உருவாக்கவில்லை, வெல்டரையும் ஃபிட்டரையும் ட்யூனரையும் சேர்த்து உருவாக்கியது. பின்னால் எல்ஜிபி கம்பெனி பெயரில் ஓடிய ஃபார்முலா கார்கள் இதே ஊரில், சுசூகி எஞ்சின் வைத்துக் கட்டப்பட்டன என்றால் அந்தப் பட்டறைத் தொடர்ச்சிதான் காரணம். கணினி விளையாட்டு ஓட்டுநர் இருக்கையை மலிவாக்கியது, பட்டறையைக் கழித்துவிட்டது. ஸ்பேனர் பிடிக்க வைக்கிற விளையாட்டுகளும் வந்திருக்கின்றன. ஃபின்லாந்துக்காரர்களின் 'மை சம்மர் கார்' ஒரு பழைய காரை நட்டு போல்ட்டாக மாட்டவைத்து உயிரை வாங்கும். 

பெரியவருக்கு நான் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்ட பதில் ஒன்று உண்டு. பட்டறை முழுசாகப் போய்விடவில்லை, வேறு இடத்துக்கு மாறியிருக்கிறது. பெரிய விளையாட்டுக் கம்பெனி எதுவும் செட்டிபாளையத்தைச் சீண்டியதாகத் தெரியவில்லை. கணினியில் கரி ஸ்பீட்வேயை ஓட்ட முடிகிறது என்றால் அது ஆர்வலர்கள் தாங்களே உட்கார்ந்து செய்து இலவசமாகப் போட்டதால். செயற்கைக்கோள் படத்தை வைத்துக்கொண்டு, வீடியோ பார்த்து மேடு பள்ளம் ஊகித்து, ஓரக்கல்லுக்குப் பெயின்ட் அடித்து, வளைவு வளைவாகச் செதுக்குகிற வேலை. அதுவும் அச்சு செதுக்குகிற வேலைதானே? 2020 ஊரடங்கில் உலகப் பந்தயம் மொத்தமும் நின்றபோது ஃபார்முலா 1 ஓட்டுநர்களே வீட்டிலிருந்து கணினியில் மோதினார்கள். நம்ம ஊர்ப் பசங்களும் இப்படிச் செய்த பாதைகளில் இரவிரவாக ஓட்டினார்கள். எல்லாருக்கும் ஒரே கார், ஒரே அமைப்பு என்று விதி வைத்துப் போட்டி நடத்துகிற குழுக்கள் நிறைய. 1988-ல் கரிவர்தன் போட்ட அதே விதி.

'கிராண்ட் பிரி லெஜண்ட்ஸ்' என்ற பெயரை நினைவில் வைக்கச் சொன்னேன். 1998-ல் வந்த அந்த விளையாட்டு, அந்த வருஷத்துக் கார்களை விட்டுவிட்டு 1967-ஆம் வருஷத்துக் கார்களை எடுத்துக்கொண்டது. இறக்கை இல்லாத, மெல்லிய டயர் போட்ட, வழுக்கிக்கொண்டே போகிற கார்கள். 14 கிலோமீட்டர் நீளப் பழைய ஸ்பா பாதை அதில் இருக்கிறது. நிஜத்தில் 1970-க்குப் பிறகு ஃபார்முலா 1 அந்த நீளப் பாதையில் ஓடவில்லை. பாதையும் போய், ஓட்டியவர்களில் பலரும் போய்விட்டார்கள். ஆனால் அந்த வளைவில் அந்தக் கார் எப்படி நடுங்கியது என்பது போகவில்லை. யாரோ அளவுகளைத் தேடி எடுத்துக் கணக்காக எழுதி வைத்ததால் இன்றும் ஓட்டிப் பார்க்கலாம்.

சோழவரத்துக்கும் ஃபார்முலா மாருதிக்கும் இதைச் செய்ய முடியும். ஒரு காரைக் கணினிக்குள் கொண்டுவரத் தேவையானவை அதிகமில்லை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே எவ்வளவு தூரம், மொத்த எடை எவ்வளவு, அதில் முன்பக்கம் எவ்வளவு, சஸ்பென்ஷன் சட்டத்தில் எங்கெங்கே மாட்டியிருக்கிறது, ஒவ்வொரு கியருக்கும் என்ன விகிதம், எந்த டயர். எஞ்சின் மாருதி என்பதால் அதன் அடிப்படைக் கணக்கு எங்கும் கிடைக்கும். மற்றவை அந்தக் காரைக் கட்டினவர்கள், ஓட்டினவர்கள், நட்டு முடுக்கினவர்கள் நினைவிலும் பழைய டைரிகளிலும்தான் இருக்க வேண்டும். அவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது வீட்டில் அப்பாவோ பெரியப்பாவோ அந்தப் பட்டறைகளில் வேலை பார்த்திருந்தால், பரண்மேல் ஏறி ஒருமுறை பாருங்கள். கார் நிற்கிற பக்கவாட்டுப் புகைப்படம் ஒன்று கிடைத்தால்கூட, சக்கரத்தின் விட்டத்தை வைத்து மற்ற அளவுகளைக் கணக்குப் போட்டுவிடலாம். சோழவரம் படங்கள் இருந்தால் அதில் பின்னணியில் தெரிகிற கட்டடம், டிரம், வைக்கோல் கட்டு எல்லாமே உபயோகப்படும், வெட்டிவிடாமல் முழுப் படமாக ஸ்கேன் செய்து அனுப்புங்கள். படத்தின் பின்பக்கம் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் சேர்த்து.